வந்துகொண்டிருந்த ரசிகர் ஏன் நின்றுபோனார்? கால்பந்துக் கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் நூறு வருடமாக யாருக்கும் சந்தேகமே வராத விஷயம் ஒன்று உண்டு. ஊர் கிளப்பின் நிறம் நீலம். கார்டிஃப் சிட்டியின் பட்டப்பெயரே ‘நீலப்பறவைகள்’தான். 2012இல் கிளப்பின் உரிமையாளர், மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், சொந்த மைதானத்தில் போடும் ஜெர்சியைச் சிவப்பாக மாற்றினார். சின்னத்தில் பறவை சிறுத்து ஓரமாய்ப் போனது, டிராகன் நடுவில் வந்து உட்கார்ந்தது. சிவப்பு ராசியான நிறம், ஆசியாவில் நன்றாக விலைபோகும் என்பது கணக்கு.

அந்த சீசனிலேயே அணி இரண்டாம் பிரிவை வென்று, 51 வருடம் கழித்து முதல் பிரிவுக்கு ஏறியது. இதைவிட நல்ல காலம் ஒரு கிளப்புக்கு வாய்க்காது. அப்படியும் மனக்கசப்பு தீரவில்லை. ஊர்வலம் போனார்கள், நீல மஃப்ளரோடு வந்து உட்கார்ந்தார்கள், சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். 2014இல் அணி மறுபடி கீழே இறங்கியது, கேலரியில் காலி இடம் கூடிக்கொண்டே போனது. 2015 ஜனவரியில் டான் இறங்கி வந்தார். ஒற்றுமை பற்றித் தன் அம்மா எடுத்துச் சொன்னதும் ஒரு காரணம் என்று அவரே அறிக்கையில் சொல்லியிருந்தார். அறிவித்த மறுநாளே ஃபுல்ஹமுக்கு எதிராக அணி நீலத்தில் இறங்கி ஜெயித்தது.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கூட்டத்தைப் பெருக்க நினைக்கிற கிளப் செய்யக்கூடிய தவறுகளுக்கெல்லாம் தாய் இதில் இருக்கிறது. இன்னும் வராத ஒருவரைப் பிடிப்பதற்காக, இத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறவரை மனம் நோகச் செய்வது.

மைதானத்துக்குத் தனியாக வருகிறவர்கள் குறைவு. அப்பா மகளைக் கூட்டி வருகிறார். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் வருகிறார்கள். தெருவில் ஒரு அண்ணன் பையன்களைத் திரட்டிக்கொண்டு வருகிறார். அந்த அண்ணன் ஒருநாள் சலித்துப்போய் நின்றுவிட்டால் குறைவது ஒரு டிக்கெட் இல்லை, ஏழெட்டு. கிளப் ஆபீஸில் இருக்கிறவர்களுக்கோ அந்த அண்ணன் யாரென்றே தெரியாது.

“ஜெயிச்சா கூட்டம் தானா வரும்”

கூட்டம் ஏன் குறைகிறது என்று கேட்டால் முதலில் வருகிற பதில் இதுதான். ஜெயித்தால் கொஞ்சம் பேர் கூடுவார்கள், உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் சண்டர்லாண்டைப் பாருங்கள். முதல் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து 2017இல் ஒரு படி, 2018இல் இன்னொரு படி என்று விழுந்து மூன்றாம் பிரிவுக்குப் போன கிளப். அந்த 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டு சிட்டியுடன் நடந்த ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் 2015 பிப்ரவரியில் லீகின் கடைசி இடத்தில் கிடந்தது. சொந்த மைதானத்தில் ஆக்ஸ்புர்கிடம் தோற்ற இரவு அணி வீரர் ஹும்மெல்ஸும் கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் வேலியோரம் போய், கோபத்தில் கத்திக்கொண்டிருந்த ரசிகர்களுடன் நேருக்கு நேர் பேசினார்கள். அதற்குப் பிறகும் மைதானம் காலியாகிவிடவில்லை. அங்கே ரசிகருக்குத் தோல்வி தாங்கும். தன்னை மதிக்காமல் போவதுதான் தாங்காது.

மறுபக்கம், சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற அணி. அதற்காக நேரு ஸ்டேடியம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிரம்பி வழிந்துவிடவில்லை. வெற்றி ஒருவரை வாசல் வரை கூட்டி வரும். அடுத்த ஆட்டத்துக்கும் அவரை வரவைப்பது வேறு வேலை, அதை ஆட்டக்காரர்கள் தலையில் கட்ட முடியாது.

டிக்கெட் விலை, ஓசி பாஸ்

2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட். அணி சண்டர்லாண்டை 2-0 என்று முந்திக்கொண்டிருக்கிறது. 77ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஸ்டாண்டில் ஒரு டிக்கெட்டுக்கு 77 பவுண்டு வைத்திருந்தார்கள், அதனால் அந்த நிமிடம். அவர்கள் போன பிறகு சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள், இரண்டு சீசனுக்கு விலை ஏற்றுவதில்லை என்றும் அறிவித்தார்கள். எப்படியும் டிக்கெட் விற்றுப்போகிற ஒரு கிளப்பிலேயே இந்த நிலை. பாதி கேலரி காலியாக இருக்கிற கிளப்பில் யாரும் 77ஆம் நிமிடம் எழுந்து போக மாட்டார்கள். சத்தமில்லாமல் அடுத்த மாதம் வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர் தவறும் இருக்கிறது, நம் பக்கம் அதுதான் அதிகம். கட்டுக்கட்டாக ஓசி பாஸ் கொடுப்பது. காலேஜுக்கு ஐந்நூறு, கம்பெனிக்கு முந்நூறு என்று அள்ளிவிடுவார்கள். காசு கொடுக்காமல் கிடைத்த பாஸ் பாதி மேசை டிராயரிலேயே கிடக்கும். அதைவிட மோசம் என்னவென்றால், தன் காசில் டிக்கெட் வாங்கி வந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கும்போது அவர் சும்மா வந்திருப்பது தெரியவருவது. அடுத்த முறை காசு கொடுத்தவரும் டிக்கெட் வாங்க மாட்டார், “பாஸ் கிடைக்குமா?” என்று கேட்பார். ஒருமுறை அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு பத்து ரூபாய்க்குக்கூட விற்க முடியாது.

என்னைக் கேட்டால் மலிவான சீசன் டிக்கெட்தான் சரியான வழி. பிராட்ஃபோர்டு சிட்டி நான்காம் பிரிவுக்கு விழுந்த 2007-08இல் சீசன் டிக்கெட் விலையை அடியோடு குறைத்தது. அந்த சீசனில் சராசரியாக 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். நான்காம் பிரிவில் அது பெரிய கூட்டம். வருட ஆரம்பத்தில் கொஞ்சமாவது காசு கொடுத்தவருக்கு மழை பெய்தாலும் போக ஒரு காரணம் இருக்கிறது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஒரு குழந்தையையோ நண்பரையோ குறைந்த விலையில் கூட்டிவரும் உரிமையும் கொடுத்துப் பாருங்கள். சலுகை அவர் கை வழியாகப் போனால் மதிப்பும் அவருக்குத்தான்.

நேரமும் தூரமும்

வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியை யோசிக்காமல் ஆட்ட நேரம் வைப்பது அடுத்த தவறு. ஆட்ட நேரத்தை டிவிதான் முடிவு செய்கிறது, கிளப் கையில் அதிகமில்லை என்பார்கள். ஜெர்மனியில் 2017-18இல் சில ஆட்டங்களைத் திங்கட்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள். 80,000 பேர் வழக்கமாக வருகிற டோர்ட்முண்டில், ஆக்ஸ்புர்குடன் நடந்த திங்கட்கிழமை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 54,300 பேர்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள். கடைசியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

நம்மூரில் வாரநாள் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.30 ஆகிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிற பிள்ளையோடு தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ திரும்ப வேண்டிய அம்மாவை நினைத்துப் பாருங்கள். நேரத்தை மாற்ற முடியாவிட்டால் போகட்டும், பஸ்ஸுக்குப் பேசலாம். எந்த கேட்டிலிருந்து எந்த ரயில் நிலையம் பக்கம், கடைசி வண்டி எப்போது என்று டிக்கெட்டிலேயே அச்சடிக்கலாம். செலவே இல்லாத காரியம் அது.

தூரத்துக்கு வந்தால், கவன்ட்ரி சிட்டியை மிஞ்ச ஆளில்லை. மைதான வாடகைத் தகராறில் 2013-14 சீசனை ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நார்தாம்ப்டனில் ஆடினார்கள். சராசரிக் கூட்டம் 2,400ஐக்கூடத் தொடவில்லை. உள்ளே போனால் உரிமையாளர்களுக்குக் காசு போகும் என்று மைதானத்துக்கு வெளியே ஒரு மேட்டில் நின்றபடி பார்த்தவர்களும் உண்டு. 2014 செப்டம்பரில் சொந்த ஊருக்குத் திரும்பிய முதல் ஆட்டத்துக்கு 27,306 பேர் வந்தார்கள். அத்தனை பேரும் அதுவரை எங்கும் போய்விடவில்லை, வீட்டில்தான் இருந்தார்கள்.

கேட்டில் நடப்பது

என் அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. முதல்முறையாக ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர், எந்த மைதானம் என்று சொல்ல வேண்டாம். கேட்டில் அவளுடைய பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலை வாங்கி ஓரத்தில் இருந்த டிரம்மில் போட்டார்கள். இளஞ்சிவப்பு பாட்டில், மேலே அவள் பெயர் எழுதிய ஸ்டிக்கர். என் பர்ஸில் இருந்த சில்லறையும் போனது. பாட்டிலும் காசும் உள்ளே பறக்கும் என்கிற பயம், அது எனக்கும் புரிகிறது. ஆனால் உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை. காகிதக் கப்பில் விற்ற தண்ணீரும் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அவள் வரும்வரை வெளியே நின்ற யாரோ ஒரு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். “மாமா, அடுத்த தடவை டிவில பாத்துக்கலாம்” என்றாள்.

இதில் பெரிய முதலீடு கேட்கிற விஷயம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் கேன், தாழ்ப்பாள், விளக்கு, பாட்டிலை டோக்கன் போட்டு வாங்கிவைத்துத் திருப்பித்தர இரண்டு ஆள். ஒரு வெளிநாட்டு வீரரின் ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு சீசனுக்கே இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் யார் மைதானத்துக்கு வருவது, யார் வராமல் இருப்பது என்பதைப் பல சமயம் முடிவு செய்வது கழிப்பறைதான். இதைக் கிளப் நடத்துகிற ஆண்கள் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

சரி, அன்றைக்கு அவளை மறுபடி உட்கார வைத்தது என்ன தெரியுமா? கோலுக்குப் பின்னால் டிரம் அடித்துக்கொண்டிருந்த பையன்கள். அதில் ஒரு பையன் இவளைப் பார்த்து, எப்போது கைதட்ட வேண்டும் என்று விரலால் எண்ணிக் காட்டினான். பத்து நிமிடத்தில் தாளம் பிடித்துவிட்டாள். அப்போது பார்த்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டார்கள், டிரம் சத்தம் அமுங்கிப்போனது. மைதானத்துக்கு உயிர் கொடுக்கிற சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் அமுக்குவதை இன்றைக்கும் பல இடங்களில் பார்க்கிறேன். சென்னையில் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் மாதிரி, கொச்சியில் மஞ்ஞப்படை மாதிரி ரசிகர் கூட்டங்கள் தாமாக எழுந்தவை. டிரம்முக்கு அனுமதி, பேனருக்கு அனுமதி என்று அவர்களை வாசலுக்கு வாசல் அலையவிடக் கூடாது. பேசித் தீர்க்க கிளப்பில் ஒரே ஆள், ஒரே போன் நம்பர் போதும்.

பெரிய மைதானம் என்ற மயக்கம்

யுவென்டஸ் இத்தாலியிலேயே அதிக ரசிகர்கள் உள்ள கிளப். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பியில், ஏறக்குறைய 69,000 பேருக்கு இடம் இருந்தும் அவர்களால் அதை நிரப்ப முடியவில்லை. ஓடுதளம் சுற்றி இருந்ததால் ஆட்டம் எங்கோ தூரத்தில் நடந்தது. 2001-02இல் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு வந்தது 237 பேர். அதே இடத்தில் 2011இல் 41,000 பேருக்கான மைதானத்தைக் கட்டினார்கள், இருக்கைகள் புல்லுக்கு ஒட்டிவந்தன, இடம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. நேரு ஸ்டேடியத்திலும் ஓடுதளம் இருக்கிறது. இடித்துக் கட்டச் சொல்லவில்லை. எட்டாயிரம் பேரை நாலாபக்கமும் சிதறவிடாமல் இரண்டு ஸ்டாண்டில் சேர்த்து உட்கார வையுங்கள், சத்தமே மாறும்.

பக்கத்துத் தெருவைப் பார்க்காமல் இருப்பது

வடசென்னை வியாசர்பாடியில் கால்பந்து தெருவோடு கலந்தது. சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காகக் கோல் போட்டபோது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இப்படிப்பட்ட பையன்கள் சொந்த ஊர் ஜெர்சியில் நின்றால், கூடவே அவர்கள் தெருவும் டிக்கெட் வாங்கும். அப்புறம், வீரர்களைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற அரைமணி நேர விஜயமாக வேண்டாம். அதே பள்ளிக்கு மாதம் ஒருமுறை, அதே வீரர். பிள்ளைகளுக்கு முகம் மறக்காது.

பெர்லினின் யூனியன் கிளப்பிடம் மைதானத்தைச் சீரமைக்கப் பணம் இல்லாதபோது, 2008-09இல் 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே கல்லும் சிமென்டும் சுமந்து கட்டினார்கள். அப்படிக் கட்டிய படியில் நிற்கிறவரிடம் போய் அடுத்த சீசனுக்கு வருவீர்களா என்று கேட்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இதை அடுத்த ஆட்டத்துக்கு முன்பே செய்யலாம். போன சீசனில் டிக்கெட் எடுத்து இந்த சீசனில் எடுக்காதவர்களின் பட்டியல் கிளப்பின் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பார்க்காமல் விளம்பரத்துக்குச் செலவு செய்வதுதான் பெரிய வீண். பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் கிளப்பில் இருக்கிற ஒரு மனிதர் போன் செய்யட்டும். எதையும் விற்க வேண்டாம். “ஏன் சார் வர்றதில்ல?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.