பக்கம் வரவில்லையா, கணக்கு தப்பாக வருகிறதா: டேட்டாபேஸ் பக்கங்களில் பிழை தேடும் வழி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பால் சங்கத்துக்கும் கடைக்கும் பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் வைத்துப் பக்கங்கள் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பிரச்சினை வந்தால் “அண்ணா, பக்கம் வரல” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதற்குள் நான்கு இடத்தில் புரோகிராம் கோடை மாற்றியும் வைத்திருப்பார்கள். அது வேண்டாம். எதையும் தொடுவதற்கு முன்னால், என்ன வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். பக்கமே வெள்ளையாக இருக்கிறதா, பக்கம் வந்து பட்டியல் மட்டும் காலியா, பட்டியல் வந்து எழுத்து கோளாறா, எல்லாம் வந்து தொகை மட்டும் தப்பா? இந்த நான்குக்கும் காரணம் இருக்கும் இடம் வேறு வேறு.

பக்கம் என்பது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. டேட்டாபேஸ் தரவைக் கொடுக்கிறது, பிஎச்பி அதை வாங்கி எச்டிஎம்எல் ஆக்குகிறது, பிரவுசர் காட்டுகிறது. கோளாறு யாரிடம் என்று கண்டுபிடிக்க எளிய வழி: உங்கள் கோடு அனுப்பும் கொய்ரியை (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை) முழுசாக, மதிப்புகள் எல்லாம் நிரம்பிய வடிவத்தில் லாகில் (பதிவு ஃபைலில்) எழுதச் சொல்லி, அதை அப்படியே எடுத்து பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை பிரவுசரில் திறந்து பார்க்கும் கருவி) ஓட்டுங்கள். அங்கேயும் தப்பாக வந்தால் பிஎச்பியைத் தொடவே வேண்டாம். அங்கே சரியாக வந்தால், டேட்டாபேஸை விட்டுவிட்டு பிரவுசரில் ‘வியூ சோர்ஸ்’ பாருங்கள். தரவு அதில் இருந்து திரையில் மட்டும் தெரியவில்லை என்றால் மூடாத டேகோ சிஎஸ்எஸ்ஸோதான் காரணம். பாதி நேரம் இந்த இரண்டு சோதனையிலேயே விஷயம் முடிந்துவிடும்.

வெள்ளைப் பக்கம் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பிஎச்பி ஒரு பிழையைச் சந்தித்து நின்றுவிட்டது, அதைத் திரையில் சொல்லக் கூடாது என்று சர்வரில் அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிழை எர்ரர் லாகில் இருக்கும். ஹோஸ்டிங் பேனலிலேயே அதைத் திறந்து பார்க்கலாம். உங்கள் சொந்தக் கணினியில் ‘டிஸ்ப்ளே எர்ரர்ஸ்’ போட்டு வையுங்கள், ஜனங்கள் பயன்படுத்தும் சர்வரில் போடவே போடாதீர்கள். ஃபைல் இருக்கும் பாதை, டேபிள் பெயர் எல்லாம் வெளி ஆளுக்குத் தெரிந்துவிடும்.

‘ஃபெட்ச் அசோக்’ வரியில் “ரிசல்ட் எதிர்பார்த்தேன், பூலியன் வந்தது” என்கிற மாதிரி ஒரு பிழையைப் பார்த்திருப்பீர்கள். பிழை காட்டும் வரியில் தப்பு இல்லை. அதற்கு மேலே ஓடிய கொய்ரி தோற்றுப்போய் ‘ஃபால்ஸ்’ திருப்பியிருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்காமல் கீழே போயிருக்கிறீர்கள். பிஎச்பி 8.1 முதல் மைஎஸ்க்யூஎல்ஐ (பிஎச்பி மைஎஸ்க்யூஎல்லோடு பேசும் பகுதி) தானாகவே எக்ஸெப்ஷன் எறிந்து அங்கேயே நிறுத்திவிடும், அதனால் இது குறைந்துவிட்டது. பழைய வெர்ஷனில் இருப்பவர்கள் கனெக்ஷன் எடுப்பதற்கு முன்னால் ‘மைஎஸ்க்யூஎல்ஐ ரிப்போர்ட்’டில் ‘எர்ரர்’, ‘ஸ்ட்ரிக்ட்’ இரண்டையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஸாம்ப் (சொந்தக் கணினியில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஓட்டும் தொகுப்பு) வைத்து ஓடியது, சர்வரில் ஏற்றினால் “டேபிள் இல்லை” என்கிறதா? விண்டோஸ் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். எல்லா டேபிள் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்தால் தீர்ந்தது. ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்ற ஃபங்ஷனே இல்லை என்று வந்தால், அது 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே எடுத்துவிட்ட பழைய வகை. மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றியே ஆக வேண்டும். “ஹெடர்ஸ் ஏற்கெனவே போய்விட்டது” என்றால் பிஎச்பி திறப்புக் குறிக்கு முன்னால் ஒரு காலி வரியோ, எடிட்டர் ஒட்டிவைத்த கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியோ இருக்கும். ஃபைலை ‘பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8’ ஆகச் சேமியுங்கள்.

இனி எழுத்து விஷயத்துக்கு வருவோம். நம் பகுதியில் இதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் ஒரே உறுப்பினர் பட்டியலில் பாதிப் பெயர் தமிழில் இருக்கும், பாதி மலையாளத்தில் இருக்கும். சித்தூர் தாலுகாவில் எந்தச் சங்கத்தின் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான்.

திரையில் வருவதைக் கூர்ந்து பாருங்கள், அதுவே நோயைச் சொல்லிவிடும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், பக்கத்திலேயே வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால், உள்ளே இருப்பது தமிழ். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழின் யூனிகோடு எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்; பெரும்பாலானவற்றின் முதல் இரண்டு பைட்டும் பதினாறடிமானத்தில் ஈ0, ஏஈ (E0, AE) என்று இருக்கும், அதை லத்தீன்-1 என்ற பழைய மேற்கத்தியக் குறியீடு என்று நினைத்துப் படித்தால் இந்த இரண்டு குறியாகத் தெரியும். மலையாளம் என்றால் ஆர் குறி வராது, வெறும் சாய்கோடு மாதிரி ஒன்று வரும். இந்த நிலையில் தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது, திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் முதலில் ‘ஹெக்ஸ்’ பாருங்கள்.

பெயர் இருக்கும் காலத்தை (டேபிளின் நெடுவரிசை) ‘ஹெக்ஸ்’ ஃபங்ஷனுக்குள் போட்டு ஒரு செலக்ட் ஓட்டினால் டேபிளில் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்று தெரியும். தமிழ்ப் பெயருக்கு ஈ0 ஏஈ என்று ஆரம்பித்தால் பைட்டுகள் சரி. காலத்தின் கேரக்டர் செட்டோ கனெக்ஷனோதான் தப்பு. சி3 ஏ0 சி2 ஏஈ என்று ஆரம்பித்தால் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது, திருப்பிவிடலாம். 3எஃப் 3எஃப் 3எஃப் என்று வந்தால் உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். பேக்கப்பிலிருந்தோ சங்கத்தின் புத்தகத்திலிருந்தோ மறுபடி ஏற்றுவது தவிர வழியில்லை.

தீர்வு மூன்று இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: டேபிள் யுடிஎஃப்8எம்பி4, கனெக்ஷனில் ‘செட் சார்செட்’ அதே யுடிஎஃப்8எம்பி4, எச்டிஎம்எல் தலைப்பில் யுடிஎஃப்-8. நடுவில் இருக்கும் கனெக்ஷனைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்று இருப்பது மூன்று பைட் வரைக்கும்தான் தாங்கும்; தமிழ், மலையாளம் நுழைந்துவிடும், ஆனால் யாராவது குறிப்புக் கட்டத்தில் ஒரு எமோஜி போட்டால் பிழை வரும். பழைய டேபிளைத் திருத்தும்போது லத்தீன்-1 காலத்தை நேராக யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றாதீர்கள், அது தப்பான எழுத்தையே உறுதிப்படுத்திவிடும். முதலில் காலத்தை பைனரி வகைக்கு மாற்றி, அப்புறம் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால் முழு பேக்கப். பேக்கப் எடுக்காமல் ‘ஆல்டர் டேபிள்’ பக்கமே போகாதீர்கள், இது கெஞ்சிக் கேட்கிற விஷயம்.

பெயரைச் சுருக்கிக் காட்ட ‘சப்ஸ்ட்ர்’ போடுகிறீர்களா? அது பைட்டைத்தான் எண்ணும். பத்து பைட்டில் வெட்டினால் மூன்று யூனிகோடு எழுத்து முழுசாகவும் நான்காவது மூன்றில் ஒரு பங்குமாகத் தொங்கும், அதை ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ வாங்கினால் பிஎச்பி 8.1-க்கு முந்தைய வெர்ஷன்களில் பெயர் முழுக்கக் காலியாகிவிடும். எம்பி_ என்று தொடங்கும் ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

எழுத்து சரியாகத் தெரிகிறது, தேடினால் மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்றால்? மலையாளத்தில் ன், ர், ல் என்று முடியும் பெயர்களைப் பாருங்கள். அந்தச் சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு 5.1 தனித்தனி எண் கொடுத்தது. அதற்கு முன்னால் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்து என்று மூன்றைச் சேர்த்து அதே வடிவத்தை வரவைத்தார்கள், இன்றும் சில விசைப்பலகைகள் அப்படியே அனுப்புகின்றன. பார்வைக்கு ஒரே ‘கோபாலன்’, உள்ளே இரண்டு. யூனிகோடு நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்தாலும் இது ஒன்றாகாது. பெயர் உள்ளே வரும்போதே நீங்களே பழைய மூன்றைப் புதிய ஒன்றாக மாற்றிவிட வேண்டும், தேடும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும். தமிழில் ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியையும் ஒரே எண்ணாகவோ, கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவோ எழுத முடியும். இதை ‘நார்மலைசர்’ தீர்த்துவிடும். ஆனால் சௌந்தரம், கௌசல்யா மாதிரிப் பெயர்களில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டியிருந்தால் எந்த நார்மலைசரும் உதவாது, அது வேறு எழுத்துதான், ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

அடுத்தது தொகை. பக்கம் நன்றாக ஓடும், ஒரு பிழையும் லாகில் இருக்காது, பணம் மட்டும் குறையும். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலையாகப் பார்க்கிறேன், ஏனென்றால் விடியற்காலையில் கறந்து கொண்டுவந்து ஊற்றுபவருடைய காசு அது.

பால் பதிவு டேபிளில் ஃபேட் (கொழுப்பு அளவு) காலம் ‘ஃப்ளோட்’ (தோராய எண் வகை), ரேட் டேபிளில் ஃபேட் காலம் ‘டெசிமல்’ (துல்லிய எண் வகை) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சமம் போட்டு ‘லெஃப்ட் ஜாயின்’ செய்கிறீர்கள். 4.0, 4.5 ஃபேட் உள்ளவர்களுக்கு ரேட் வரும். 4.1, 4.2, 4.3 உள்ளவர்களுக்கு வராது. காரணம், ஃப்ளோட்டில் 4.1 என்பது 4.0999999 என்றுதான் உட்காரும், டெசிமலில் இருக்கும் 4.1-உடன் அது சமமாகாது, 4.5 மட்டும் இரண்டடிமானத்தில் மிச்சமில்லாமல் அடங்குவதால் தப்பிக்கிறது. ரேட் கிடைக்காத வரியில் தொகை ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) ஆகும், ‘சம்’ ஃபங்ஷன் நல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டும். அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் குறைந்த தொகை அச்சாகும். ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்), லிட்டர், ரூபாய் எல்லாமே டெசிமலாக இருக்கட்டும், ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். அதோடு பட்டுவாடாப் பட்டியல் அச்சிடும் முன் ரேட் ‘நல்’லாக உள்ள வரி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கொய்ரி ஓட்டி, இருந்தால் அச்சையே நிறுத்துங்கள்.

தேதியிலும் இதே மாதிரிதான். சர்வர் நேரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5 மணிக்கு ஊற்றிய பால் சர்வருக்கு முந்தின நாள் இரவு பதினொன்றரை. ஆக, ஐந்தரைக்கு முன்னால் வருபவர்களின் காலைப் பால் நேற்றையக் கணக்கில் ஏறும், அதற்குப் பிந்தி வருபவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. “சிலருக்கு மட்டும் தப்பாக வருது” என்று யாராவது சொன்னால் அவர்கள் வரும் நேரத்தைக் கேளுங்கள். பிஎச்பியில் டைம்ஸோனை ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று வையுங்கள், கனெக்ஷன் எடுத்தவுடன் மைஎஸ்க்யூஎல்லுக்கும் +05:30 என்று சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு ஊர்ப் பெயரைவிட எண்ணாகச் சொல்வது நல்லது, ஊர்ப் பெயர் வேலை செய்ய டைம்ஸோன் டேபிள்களை ஏற்றியிருக்க வேண்டும். ‘டைம்ஸ்டாம்ப்’ காலத்தில் உள்ள பழைய பதிவுகள் தானாகச் சரியாகத் தெரியும். ‘டேட்டைம்’ காலத்தில் உள்ளதை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா என்றால் ‘பிட்வீன்’ போட்டு 1 முதல் 10 தேதி வரை எடுப்பீர்கள். காலத்தில் நேரமும் சேர்ந்திருந்தால் 10 என்பது பத்தாம் தேதி பிறக்கும் நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு நின்றுவிடும், பத்தாம் தேதிப் பால் முழுக்க வெளியே. ஒன்றாம் தேதிக்குச் சமம் அல்லது மேல், பதினொன்றாம் தேதிக்குக் கீழ் என்று எழுதுங்கள்.

டி’சூஸா, டி’க்ரூஸ் என்ற பெயரைச் சேமிக்கும்போது கொய்ரி உடைந்தால், அது பெயரின் குற்றம் இல்லை, நீங்கள் சரத்தை ஒட்டி ஒட்டிக் கொய்ரி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். நல்ல பெயரால் உடைகிற கொய்ரியைக் கெட்ட எண்ணத்தோடு வருபவன் திறந்துவிடுவான். மேற்கோள் குறியை நீக்கியோ பெயரை மாற்றி எழுதியோ ஒப்பேற்றாமல், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டுக்கு (கொய்ரி தனி, மதிப்பு தனி என்று அனுப்பும் முறை) எல்லா இடத்தையும் மாற்றிவிடுங்கள், நான்கு இடத்தில் மாற்றி ஐந்தாவதை விடுவதில் பயன் இல்லை.

பக்கம் மெதுவாக வந்தால் கொய்ரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டு ஓட்டி, எத்தனை வரிகளைத் தடவுகிறது என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணையும் தேதியையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டாலே ஒருவருடைய கணக்குப் பக்கம் சட்டென்று வரும். தேதிக் காலத்தை ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால் அந்த இண்டெக்ஸ் தேதிக்கு உதவாது, மேலே சொன்ன மாதிரி எல்லை வைத்து எழுதினால் உதவும்.