ஈமு ஏஜென்ட்டை நல்லவனாக்காதீர்கள்: டார்க் காமெடித் தொடர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டார்க் காமெடித் தொடருக்கு, அதாவது இருட்டான விஷயத்தைச் சிரிப்போடு சொல்லும் தொடருக்கு, நம்ம கொங்குப் பக்கத்துக் கதை ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஈமு கோழிதான். பெருந்துறையைச் சுற்றி 2012ல் அந்த வியாபாரம் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சு தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனமும் அவர்களே தருவார்கள், மாதம் பிறந்தால் கைக்குப் பணம் வரும் என்றார்கள். ஒரு நாள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள், தீவன வண்டி வரவில்லை, ஆளுயரப் பறவைகள் தோட்டத்துக் கொட்டகைகளில் பட்டினி கிடந்தன. இதில் முதலாளியை வைத்து எழுதினால் அது ஒரு மோசடிக் கதை, அவ்வளவுதான். ஏஜென்ட்டை வைத்து எழுத வேண்டும். மாமனார், பங்காளி, கூடப் படித்தவன் என்று வீடு வீடாகப் போய் உட்கார்ந்து காபி குடித்துக் கையெழுத்து வாங்கியவன், அதற்குக் கமிஷன் வாங்கியவன், அந்தக் கமிஷனையும் திரும்ப அதிலேயே கொண்டுபோய்ப் போட்டவன். அவன் செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனாலும் அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

இந்தக் கதையை நான் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், நண்பர்கள் இதுபோல எழுதியவற்றையும் படித்திருக்கிறேன். எல்லோரும் விழும் முதல் குழி அவனைக் கழுவித் துடைப்பதுதான். இரண்டாவது எபிசோடு முடிவதற்குள் பிளாஷ்பேக் வந்துவிடும். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், சோமனூரில் ஓடிய தறி கடனில் போய்விட்டது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டில் நகை கேட்கிறார்கள். இதெல்லாம் இங்கே நடக்காதது இல்லை. ஆனால் அவன் தப்பு செய்வதற்கு முன்பே நீங்கள் ஜாமீன் எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு என்ன வேலை? ஃப்ளீபேக் என்ற பிரிட்டிஷ் தொடரைப் பாருங்கள், 2016ல் ஆறு, 2019ல் ஆறு, மொத்தமே 12 எபிசோடு. இறந்துபோன தோழியின் நினைவு அதன் கதாநாயகிக்குத் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும், நாமும் அவளுக்காக வருந்திக்கொண்டே இருப்போம். முதல் சீசன் முடிகிற நேரத்தில் முழு நினைவும் வரும்போது அந்தச் சாவில் அவளுக்கும் பங்கு இருந்தது தெரியவரும். பழைய கதை அவளைக் காப்பாற்ற வரவில்லை, மாட்டிவிட வருகிறது. அப்போதும் அவளை விட்டு எழுந்து போக மனசு வராது, அதற்குள் ஆறு எபிசோடு அவள் கூடவே நடந்துவிட்டோம்.

அதனால் பிளாஷ்பேக்குக்குச் செலவழிக்கும் பத்து நிமிடத்தை, அவன் தப்பு செய்கிற அந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுங்கள். எங்கள் ஏஜென்ட் தோட்டத்துச் சாளைத் (தோட்டத்து வீட்டுத்) திண்ணையில் அவன் அமுச்சி (அம்மாவின் அம்மா) பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கறவை மாடு விற்ற பணமும் கம்மலை அடகு வைத்த பணமும் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன. போன மாதம் கம்பெனி கொடுத்த செக் திரும்பிவந்தது அவனுக்குத் தெரியும். அமுச்சி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

“ஏங்கண்ணு, நீயும் போட்டிருக்கறயா?”

“போட்டிருக்கறனுங்க அமுச்சி.”

உண்மைதான், வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போட்டிருக்கிறான். அந்த உண்மையைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறான். அப்புறம் பேனா மூடியைக் கழற்றி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுகிறான். அமுச்சி எழுத்துக் கூட்டிப் போட்டு முடிக்கும் வரை கேமரா அவன் கையை விட்டு நகரக் கூடாது. பேனாவைப் பிடுங்கிவிடுடா என்று பார்ப்பவர் மனசு அடித்துக்கொள்ளும், பரிவு அங்கே வந்துவிட்டது, தனியாக வயலின் வேண்டாம்.

இன்னொரு தவறு, ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்களாகக் காட்டிவிடுவது. எழுதுகிறவருக்கு இது வசதி, அவர்கள் மோசம் என்றால் இவன் பாரம் குறையும். ஆனால் ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த தோட்டத்தை வைத்துக்கொண்டு, தென்னை ஒவ்வொன்றாகக் காய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்த ஒரு மனுஷன் மாதச் சம்பளம் மாதிரி ஒரு வருமானத்துக்கு ஆசைப்பட்டால் அதை எப்படிப் பேராசை என்பீர்கள்? அவரை முட்டாளாக்கிச் சிரித்தால் கதையே செத்துவிடும். ஏஜென்ட் கொட்டகைக்குள் ஒளிந்துகொள்ள, பசித்த ஈமு அவன் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டே இருக்க, வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் அவன் அதைக் கெஞ்சட்டும், அங்கே தாராளமாகச் சிரிக்கலாம்.

மொழி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். கொங்குப் பேச்சு என்றால் வசனத்துக்கு வசனம் ‘ஏனுங்க’ போட்டுச் சிரிக்க வைப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பேச்சின் இருட்டே அந்த ‘ங்க’வில்தான் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்த மாமனார் வாசலில் வந்து நிற்கிறார், கத்தமாட்டார். “சாப்புட்டாச்சுங்களா மாப்ளெ?” என்பார். “உள்ள வாங்க மாமா, சாப்புடலாமுங்க” என்பான் இவன். அரிசிம்பருப்புச் சோறு போடுவார்கள், அவர் சாப்பிடவும் செய்வார், கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே “அந்தக் காசு என்ன தாக்கலுங்க?” என்று சேதி கேட்பார். இரண்டு பேருமே மரியாதையை விடமாட்டார்கள். எந்த எபிசோடில் அந்த ‘ங்க’ பேச்சிலிருந்து விழுகிறதோ, அங்கே உறவு அறுந்தது என்று நம்ம ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் அதைக் கடைசி வரை சேமித்து வையுங்கள்.

அவனை எதுவும் தெரியாதவனாகவும் ஆக்காதீர்கள். ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரனாக இருப்பவனைத்தான் நாம் விரும்பிப் பார்க்கிறோம். ஈமு முன்பக்கமாக உதைக்கும், பக்கவாட்டில் போய்ப் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆண் பறவைதான் அடைகாக்கும், கிட்டத்தட்ட எட்டு வாரம் பெரும்பாலும் தீனி தண்ணீர் இல்லாமல் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாகச் சொல்லுவான். (பின்னால் அவன் சாப்பிடாமல் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு பாத்திரத்தை விட்டு இதை ஞாபகப்படுத்த வைக்காதீர்கள், பார்ப்பவருக்குத் தெரியும்.)

பிறகு அந்த மன்னிப்பு. அழுது கையெடுத்துக் கும்பிட்டால் முடிந்தது என்று எழுதிவிடுகிறோம். 2018 முதல் 2023 வரை நான்கு சீசன் வந்த பேரி என்ற அமெரிக்கத் தொடரில், கூலிக்குக் கொலை செய்யும் முன்னாள் ராணுவ வீரன் ஒருவன் நடிப்பு வகுப்பில் சேர்கிறான். முதல் சீசன் முடியப்போகிற நேரத்தில், பெண்டாட்டி பிள்ளை உள்ள தன் ராணுவச் சிநேகிதனையே சுட்டுக் கொல்கிறான், அப்படியே மேடைக்கு வருகிறான். அவனுக்கு ஒரே ஒரு வரி வசனம், ராணி இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அந்த வரியில் அவன் உடைந்துபோகிறான், அதுதான் நல்ல நடிப்பாகிவிடுகிறது, பாராட்டு கிடைக்கிறது. அவன் வருத்தம் உண்மை, ஆனாலும் அதனால் செத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, லாபம் இவனுக்குத்தான். நான்கு சீசனிலும் தொடர் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. நம்ம ஏஜென்ட் ஒரு முறை அழட்டும், அழுதுவிட்டு மறுநாள் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

முடிவில் போலீஸ் ஜீப்பும் வேண்டாம், கிணற்றில் குதிப்பதும் வேண்டாம். முதலீட்டாளர் பணத்துக்காகத் தமிழ்நாட்டில் 1997ல் வந்த சட்டப்படி கோயமுத்தூரில் தனி நீதிமன்றம் இருக்கிறது, இந்த மாதிரி வழக்குகள் அங்கே வருஷக்கணக்கில் நடக்கும். பெருந்துறையில் காலை பஸ்ஸில் ஏஜென்ட் ஏறுகிறான், வாய்தாவுக்குப் போகிறான். மஞ்சப் பையோடு மாமனாரும் ஏறுகிறார், அவர் புகார் கொடுத்தவர். ‘ங்க’ விழுந்து ஆறு மாதமாகிறது, பேச்சே இல்லை. காலியாக இருப்பது ஒரே ஒரு சீட், அவன் பக்கத்தில். உட்காருகிறார். கண்டக்டர் வந்ததும் பையைத் துழாவி நோட்டை நீட்டி, அவன் பக்கம் திரும்பாமலே சொல்கிறார்:

“ரெண்டு கோயமுத்தூருங்க.”