பழைய ஸ்டென்டுக்குள் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் இதயக் குழாய்ச் சிகிச்சை செய்யும் எங்கள் கேத் லேபுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், நான் முன்பு செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

காரணம் அறியாமல் இரண்டாவது ஸ்டென்ட் வைப்பது

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இதயக் குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த ஓராண்டுக்குள் மீண்டும் நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோவில் ஸ்டென்டின் நடுவே சுருக்கம் தெரிந்தது. உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி, பலூனால் விரித்து, அதற்குள் இன்னொரு ஸ்டென்டை வைத்தேன். எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். "ரெண்டு ஸ்டென்ட் வச்ச பொறவும் நெஞ்சப் பிடிக்கே, ஐயா" என்றார்.

அன்றுதான் ஒலியலையால் படம் எடுக்கும் ஐவஸ் கருவியை உள்ளே செலுத்தினேன். சுருக்கம் இருந்த இடத்தில் இரண்டு ஸ்டென்டுகளும் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. உள்ளே குறுக்குவெட்டுப் பரப்பளவு 3 சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. அவற்றைச் சுற்றி வெண்மையாக ஒரு முழு வளையமும் அதன் பின்னே கருநிழலும் தெரிந்தன. அது கால்சியம். சதை வளரவே இல்லை. முதல் ஸ்டென்ட் முதல் நாளிலிருந்தே விரியாமல் இருந்திருக்கிறது. ஆஞ்சியோ காட்டுவது சாயம் ஓடும் பாதையை மட்டுமே, சுவரை அன்று என்பதை அறிந்திருந்தும், இருந்த சிறு இடத்தையும் உலோகத்தால் அடைத்துவிட்டேன்.

உறைகிணற்றில் நீர் குறைந்தால் உறையே ஒடுங்கிவிட்டதா, உள்ளே மண் சேர்ந்ததா என்றுதானே பார்ப்போம். இங்கும் அப்படியே இரண்டு அளவுகளைத் தனித்தனியே எடுக்க வேண்டும்: ஸ்டென்டின் பரப்பு, ரத்தம் ஓடும் பாதையின் பரப்பு. ஸ்டென்ட் பரப்பு நன்றாக இருந்து பாதை மட்டும் குறுகியிருந்தால் அது சதை வளர்ச்சி. ஸ்டென்ட் பரப்பே குறைவென்றால், இடது பிரதான தமனி நீங்கலாக ஐவஸில் 5.5, ஒளியால் படம் எடுக்கும் ஓசிடியில் 4.5 சதுர மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால், அது சரியாக விரியவில்லை என்று ஐயுற வேண்டும். உயர் அழுத்த பலூனோ, கால்சியத்தை அதிர்வலையால் உடைக்கும் பலூனோதான் அதற்கு வழி. அந்த விவசாயிக்கு இரண்டு அடுக்கு உலோகத்தை மீறி 4.6 சதுர மில்லிமீட்டர் வரைதான் விரிக்க முடிந்தது. அவர் மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கோப்பில் அந்த எண்ணே முதலில் என் கண்ணில் படுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே கருவி

ஸ்டென்டில் ரத்தம் உறைந்திருந்தால், சுவரில் ஒட்டாத ஸ்டென்ட் கம்பியையும் திசு மூடாத கம்பியையும் ஓசிடி தெளிவாகக் காட்டும். அதன் நுண்மை 10 முதல் 20 மைக்ரான். ஆனால் ரத்தத்தை விலக்கச் சாயம் செலுத்த வேண்டியிருப்பதால், சிறுநீரகம் பழுதானவருக்கு ஐவஸையே எடுப்பேன்.

பலூனுக்கு வழிகாட்டும் ஒயர் ஸ்டென்ட் கம்பிக்குப் பின்னால் போயிருப்பது

முதலில் படத்தில் பாருங்கள். பிறகு பலூனை ஊதுங்கள்.

குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரோகிளிசரின் கொடுக்காமல் அளப்பது

சுருங்கிய குழாயை அளந்தால் பலூனையும் சிறிதாகவே தேர்ந்தெடுப்பீர்கள்.

முடித்தபின் படம் எடுக்காமல் இருப்பது

ஸ்டென்ட் விரிந்ததா, அதன் ஓரத்தில் குழாய் கிழிந்ததா என்பதை இரு பக்கமும் நலமான இடம் வரை இழுத்துப் பார்க்காமல் கருவியை வெளியே எடுக்காதீர்கள்.