நேரில் பேட்டியா, போனிலா? ஆய்வு மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

'நேரில் போனால்தான் ஆழமான தரவு கிடைக்கும், போன் எல்லாம் வேறு வழி இல்லாதவர்களுக்கு' என்ற முடிவோடுதான் பல ஆய்வு மாணவர்கள் களத்தில் இறங்குகிறார்கள். சறுக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் பேச வேண்டும் என்று வையுங்கள். நீங்கள் மெனக்கெட்டு நேரில் போகிறீர்கள், வார்டன் அனுமதி கொடுத்து உட்கார வைக்கிறார், அப்புறம் அவரும் பக்கத்திலேயே நிற்கிறார். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? அதே பெண் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும் வழியில் போனில் பேசினால் கதையே வேறாக இருக்கலாம். போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்கிற விடுதி என்றால் அந்த வழியும் அடைபடும். ஆகவே இவர் யார் காதிலும் விழாமல் எங்கே, எப்போது பேச முடியும் என்பதை முதலில் விசாரியுங்கள். நேரிலா போனிலா என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.

நம்பர் கிடைத்துவிட்டது, ஆகவே ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைப்பது அடுத்த தவறு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 54 சதவீதம் பேரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் மொபைல் இருந்தது. நீங்கள் கூப்பிடுவது கணவரின் போனாக இருக்கலாம், ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டுக்கொண்டிருக்கலாம். கடன், குடும்ப வன்முறை மாதிரி விஷயம் என்றால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதை 'ஆமா', 'இல்லை' என்று மட்டும் சொல்லித் தப்பிக்கிற மாதிரி கேளுங்கள். இடையில் யாராவது வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் தரம் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அமெரிக்காவில் சிறைக்குப் பார்வையாளர்களாக வருபவர்களிடமும் சிறைக் காவலர்களிடமும் இரண்டு வழியிலும் பேசிய ஸ்டர்ஜஸ், ஹான்ரஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பதிவுகளை ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று 2004-இல் எழுதினார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் போன் போதும் என்றும் ஆகாது. தறியில் கை எப்படிப் போகிறது என்பதைப் பார்க்காமல் எழுத முடியாது, காது மந்தமான பெரியவரைப் போனில் கத்த வைப்பதும் நியாயமில்லை.

போனுக்குப் பதில் ஜூமில் வீடியோ பேட்டி எடுப்பதென்றால், இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். பெரும்பாலும் ஆள் மனம்விட்டுப் பேசத் தொடங்குகிற நேரம் அதுதான். டேட்டா செலவை அவர் தலையில் கட்டாமல் ரீசார்ஜ் போட்டுக் கொடுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, மேலாளர்களிடம் ஜூமிலும் தொழிலாளர்களிடம் நேரிலும் பேசிவிட்டு, 'மேலாளர்கள் பட்டும்படாமல் பேசினார்கள்' என்று கண்டுபிடிப்பு மாதிரி எழுதுவது. அது அவர்கள் குணமா, அடுத்த மீட்டிங்குக்கு நேரமானதா, ஜூமின் வேலையா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இரண்டையும் கலப்பது தப்பில்லை. ஒவ்வொரு தரப்பிலும் சிலரிடம் நேரில், சிலரிடம் தொலைவிலிருந்து பேசுங்கள், எது எப்படி எடுத்தது என்று ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் குறித்து வையுங்கள். பஸ் செலவுக்குப் பணமில்லாமல்தான் போனுக்குப் போனீர்கள் என்றால் முறையியல் அத்தியாயத்தில் அதையே எழுதுங்கள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எப்படியும் கேட்பார்கள்.