பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை: வழியையும் அனுபவித்துப் போவது எப்படி

பினாங்குத் தீவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் நாலரை மணி நேரத்தில் செந்தூலில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிடலாம். பல ஆண்டுகள் நான் அப்படித்தான் ஓட்டினேன். போய் இறங்கியதும் அத்தான் கேட்கும் முதல் கேள்வி "எத்தன மணிக்குக் கிளம்புனீங்க?" என்பதாகத்தான் இருக்கும், அதற்கு மெச்சும்படியான ஒரு கணக்கைச் சொல்வதே அந்தப் பயணத்தின் பயனாக எனக்குத் தோன்றியது. ஒருமுறை, வழியில் என்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகளிடம் அக்கா கேட்டபோது, இருவரும் சிறிது யோசித்துவிட்டு "டோல்" என்றார்கள்.

இதை மாற்றியது சைக்கிள்தான். வீட்டுக்கு அருகே தினமும் அரை மணி நேரம் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில், அவர்கள் வழியில் உள்ளவற்றைக் கவனிக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் பிறகு காருக்குள்ளும் வந்தது. நெடும்பயணத்தில் மகிழ்ச்சி காண விரும்புகிறவர்கள் பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் வீட்டு வாசலிலிருந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான். ஆகவே சைக்கிளை முதலில் வைத்து எழுதுகிறேன்.

நேரம் ஒன்றையும் பாதை ஒன்றையும் தேர்ந்துகொண்டு அவற்றை மாற்றாமல் வைத்திருங்கள். எங்களுடையது மாலை ஆறரை மணி. குளுகோர் பக்கத்திலிருந்து, தீவை அக்கரையோடு இணைக்கும் முதல் பாலத்தின் அடியாகக் குயின்ஸ்பே நோக்கிச் செல்லும் கடலோரப் பாதை. தினமும் ஒரே பாதையில் போனால் சலிப்பு வராதா என்று என் மனைவி தொடக்கத்தில் கேட்டாள். பாதை மாறாமல் இருப்பதால்தான் அதில் மாறுபவை கண்ணில் படுகின்றன என்பதை எங்களுக்கு மகன் கற்றுக்கொடுத்தான். முதல் நாள் கரையைத் தொட்டுக்கொண்டிருந்த கடல், சில நாள்கள் கழித்து அதே நேரத்தில் வெகுதூரம் விலகிச் சேறாகக் கிடப்பதைக் கண்டு, ஏன் இப்படி என்று அவன் கேட்டான். நிலவின் போக்கையொட்டி ஏற்ற வற்றங்களின் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பதைச் சொன்னதும், மறுநாளிலிருந்து தண்ணீர் எங்கே நிற்கும் என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அவன் பந்தயம் கட்டத் தொடங்கினான். சேறு தெரியும் நாள்களில் கொக்குகள் வரும். நீர் நிறைந்த நாள்களில் தூண்டில்காரர்கள் வருவார்கள். 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைக் காரில் நூறு முறை கடந்திருக்கிறேன். அதன் அடியில் நின்றால் மேலே போகும் வண்டிகளின் ஓசை எப்படிக் கேட்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சைக்கிளைப் பேணுவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. டயரில் எவ்வளவு காற்று இருக்கலாம் என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்துக் காற்றடிப்பதும், மழையில் நனைந்த மறுநாள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுவதும், கிளம்பும் முன் இரண்டு பிரேக்குகளையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் போதும். சிறு பிள்ளையின் இருக்கையை, உட்கார்ந்தபடியே கால் தரையில் படும் உயரத்தில் வையுங்கள். தலைக்கவசமும் பின்விளக்கும் இல்லாமல் யாரையும் சாலைக்கு விடக்கூடாது. வரிசையாகப் போகும்போது மெதுவாக ஓட்டுபவரே முன்னால் போக வேண்டும், பெரியவர் ஒருவர் கடைசியாக வர வேண்டும். நான் முன்னால் போய்க்கொண்டிருந்த காலத்தில், மகளின் சங்கிலி கழன்றதைக்கூட அறியாமல் ஒரு கிலோமீட்டர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் அழுகையை முடித்துவிட்டுக் கோபத்தில் இருந்தாள். அதன் பிறகு வரிசையை மாற்றினோம். அவள் முன்னால் போகும்போது எங்கே நிற்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். அவள் நிற்கும் இடங்களில் நான் ஒருபோதும் நின்றிருக்க மாட்டேன்.

வார இறுதிக்குப் பாலிக் புலாவ் நல்ல இடம். ஆனால் அங்கே சைக்கிளிலேயே போய்ச்சேர நினைக்காதீர்கள். தீவின் நடுவே மலை கிடப்பதால் எந்தப் பக்கமாக வந்தாலும் ஏற்றம் உண்டு, அது பிள்ளைகளுக்கு உரியதல்ல. சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊரைத் தாண்டிச் சுங்கை புருங் பக்கத்துச் சமவெளியில் இறக்குங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் வயல், வரப்புக்கு அப்பால் தென்னை, அதற்கும் அப்பால் மலை. என் அம்மா சைக்கிள் ஓட்டுவதில்லை. காரிலேயே வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வயலுக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டால் "கருடன்" என்று சொல்லிக் கைகூப்புவார். பிள்ளைகள் இப்போது யார் முதலில் கருடனைப் பார்ப்பது என்று போட்டி போடுகிறார்கள். ஓட்டி முடித்ததும் ஊருக்குள் வந்து ஜாதிக்காய்ச் சாறு குடிக்கலாம். ஜூன், ஜூலை மாதமானால் சாலையோரத்தில் டுரியான் குவிந்திருக்கும். கம்பத்துச் (கிராமத்துச்) சாலைகளில் நாய் துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால், பெரும்பாலும் தன் எல்லை முடிந்ததும் அது திரும்பிப் போய்விடும்.

பாலங்களிலும் நெடுஞ்சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை. அக்கரைக்குப் போக ஆசைப்பட்டால் பட்டர்வொர்த் படகு இருக்கிறது. 2023இல் வந்த புதிய படகுகள் பயணிகளையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. அந்தக் கால்மணி நேரக் கடற்பயணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முழு நிகழ்ச்சியாகவே வைத்துக்கொள்ளலாம்: போய், துறைமுகத்தருகே தேநீர் குடித்துவிட்டு, அடுத்த படகில் திரும்புவது. எங்கே போனீர்கள் என்று அண்டை வீட்டார் கேட்டால் பதில் சொல்லத்தான் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

இனி கார்ப் பயணத்துக்கு வருகிறேன். முதல் நாள் இரவே சாமான்களை ஏற்றிவிட்டு, காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஆறு மணிக்குத் தீவிலிருந்து புறப்பட்டால், ஏழு மணியையொட்டித் தைப்பிங் பக்கம் வரும்போது இடப்பக்கத்து மலைகளுக்குப் பின்னாலிருந்து விடியும். சங்காட் ஜெரிங்கைத் தாண்டிச் சாலை மலைக்குள் ஏறும் இடத்தில், முன்னிரவு மழை பெய்திருந்தால், காட்டின் மேல் பனிமூட்டம் படிந்திருக்கும். எட்டு மணிக்குக் கிளம்பும் வீட்டாருக்கு இது கிடைக்காது. இந்த ஒரு காட்சிக்காகப் பிள்ளைகளை எழுப்புவது தகும். பின்னிருக்கையிலும் எல்லோரும் இருக்கைப் பட்டி அணிவது 2009 முதலும், சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதலும் சட்டப்படி கட்டாயம். இதில் கிளம்பும் நேரத்துப் பேரம் எதற்கும் இடம் கொடுக்கக்கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஓய்விடங்களில் நிற்பது கழிப்பறைக்கும் கால் நீட்டுவதற்கும் சரி. அவற்றோடு ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு முறை நெடுஞ்சாலையை விட்டு வெளியேறி ஓர் ஊருக்குள் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒருமுறை தைப்பிங், ஈப்போ, பிடோர் மூன்றையும் ஒரே பகலில் பார்க்கத் திட்டமிட்டு, மூன்றிலும் கார் நிறுத்த இடம் தேடியதுதான் மிச்சம். தைப்பிங் என்றால், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து 1880இல் உருவான ஏரிப்பூங்காவும், அதன் சாலையோரத்திலிருந்து நீர்வரை கிளை தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும் போதும். ஈப்போ என்றால் தம்புன் பம்பளிமாசு. பிடோர் என்றால் கொய்யா.

எங்கள் குடும்பத்துக்கு மறக்க முடியாதது கோலகங்சார். 1877இல் இந்நாட்டில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் எஞ்சிய ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலிக்குள் நிற்கிறது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவை அழைத்துப் போகும்வரை. சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினைந்து வயதிலிருந்து பால் வெட்டியவர் அவர். மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரெனப் பேத்தியின் பென்சிலை வாங்கிக் கத்தியைப் போலப் பிடித்து, பட்டையில் எந்தச் சாய்வில் கோடு இழுக்க வேண்டும், ஆழம் போனால் மரம் எப்படிக் காயப்படும், பால் பிடிக்கும் மங்குக் கோப்பையை எங்கே கட்ட வேண்டும் என்று காற்றில் வெட்டிக் காட்டினார். விடியும் முன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியதையும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வெளியே தாத்தா சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்ததையும் அன்றுதான் நாங்கள் முதன்முறையாகக் கேட்டோம். கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை வரை காருக்குள் அவர் குரல் மட்டும்தான் ஒலித்தது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள், அவர்கள் உழைத்த உலகத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தை நிறுத்தமாகத் தேர்ந்தெடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சுரங்கப்பாதை 800 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முப்பத்தாறு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பாட்டி தமிழில் எண்ண, பிள்ளைகள் கூடவே எண்ணுவது எங்கள் வழக்கம். மகள் முப்பதுக்கு மேலே தமிழ் எண்களைக் கற்றது அங்கேதான். வெளியே வந்து ஈப்போவை நெருங்கியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் தொடங்கும். எந்த மலை யானை, எந்த மலை படுத்திருக்கும் கிழவி என்று முடிவு செய்ய ஆளுக்கொரு வாய்ப்புக் கொடுங்கள். வண்டி எண்களில் மாநிலம் கண்டுபிடிப்பதும் நல்ல விளையாட்டு: பினாங்குக்குப் பி (P), பேராவுக்கு ஏ (A), சிலாங்கூருக்கு பி (B) என்று மகன் குறிப்பேட்டில் தமிழில் எழுதப் போக, பினாங்கும் சிலாங்கூரும் ஒரே எழுத்தாகி வந்து நின்றன. கிளந்தானுக்கும் (D) திரங்கானுவுக்கும் (T) அதே கதி. இப்போது எழுத்துக்குப் பதில் ஊர்ப்பெயரையே எழுதுகிறான்.

கைப்பேசியை முற்றாகத் தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை செம்பனைக்குப் பின் செம்பனையாகத்தான் வரும். உள்ளதைச் சொன்னால், அங்கே பார்க்க எனக்கே பொறுமை இருப்பதில்லை. அந்தப் பகுதியைக் கைப்பேசிக்கென ஒதுக்கிவிட்டோம். எல்லை தெரிந்துவிட்டதால் மற்ற இடங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை.

தீபாவளிக்கு முந்திய நாள்களில் எதுவும் திட்டப்படி நடக்காது. ஓராண்டு நெரிசலில் ஏழரை மணி நேரம் ஆயிற்று. அன்று எங்களைக் காப்பாற்றியது அதிகாலையில் கட்டிய புளிச்சோறும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், பிளாஸ்க்கில் இருந்த தேநீரும்தான். சாப்பாட்டுப் பொட்டலம் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பின்பெட்டியின் அடியில் வைத்தால் நெரிசலில் அதை எடுக்க வழியில்லை.

கோலாலம்பூரில் சேர்ந்த பின்னும் சைக்கிளை மறக்க வேண்டாம். நம் சைக்கிள்களை 350 கிலோமீட்டர் சுமந்து போவது வீண். அக்கா பிள்ளைகளுடையதையோ வாடகைக்கு எடுத்ததையோ ஓட்டிக்கொள்ளலாம். செந்தூலுக்கு அருகில் தித்திவங்சா ஏரிப்பூங்கா இருக்கிறது. நகர மையத்துச் சாலைகளைக் கார்கள் வராதபடி மூடும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, வார நாள்களில் நத்தையாய் ஊரும் அதே சாலைகளின் நடுவே பிள்ளைகள் ஓட்டிப் போகலாம். மாமன் மகளும் அத்தை மகனுமாக வரிசையில் போகும்போதும் கடைசி ஆள் நான்தான். அத்தானும் ஒருமுறை வந்தார். தேசியப் பள்ளிவாசல் பக்கம் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர், அதன் பிறகு எத்தனை மணி நேரத்தில் வந்தோம் என்று எங்களைக் கேட்பதில்லை.

வீடு திரும்பிய இரவே, சாமான்களைப் பிரிக்கும் முன், ஒரு குறிப்பேட்டில் ஆளுக்கொரு வரி எழுதச் செய்யுங்கள். மறுநாள் என்று தள்ளினால் எழுத மாட்டார்கள். இரண்டு வரி கேட்டால் அது பள்ளிக்கூட வேலையாகிவிடும். பெரிய இடங்கள் அதில் அரிதாகவே வருகின்றன. சென்ற முறை பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கிய மகள், கீழே புறாக்கள் தன் செருப்பின் மேல் நின்றதை மட்டும்தான் எழுதினாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவர் சொல்ல மகன் எழுதினான்: "பாட்டி: பிடோரில் கொய்யா. கடைக்காரன் உப்புத் தரவில்லை."