அமெரிக்காவில் வரிப்பாக்கிக் காணி: காசை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார். அதனால் "அமெரிக்காவில் வரி கட்டாத வீட்டைச் சில நூறு டொலருக்கு எடுக்கலாமாம், உண்மையா?" என்று யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புளோரிடாவில் இருக்கும் என் மச்சானுக்காக மூன்று வருடமாக உவர்மலையில் வீட்டில் இருந்தபடியே இந்த ஏலங்களின் தேடல் வேலையைப் பார்க்கிறேன். காசு அவருடையது, கண் என்னுடையது. புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அங்கே காணி, வீட்டு வரியை அறவிடுவது கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் நம்முடைய மாவட்டம் போன்ற ஒரு பிரிவின் நிர்வாகம். நம்முடைய சோலைவரி மாதிரித்தான், ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் என்பது சாதாரணம். இங்கே ஜனவரிக்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும் அல்லவா, அதுபோல புளோரிடாவில் நவம்பரில் கட்டினால் 4 சதவீதம் கழிவு, பிறகு மாதம் ஒன்றாகக் குறைந்து ஏப்ரல் 1 பிறந்ததும் பாக்கி. அதற்கு அப்பால் நடப்பதுதான் நம்மூரில் இல்லாதது. அந்தப் பாக்கியைக் கவுண்டி ஒரு சான்றிதழாக்கி வெளியாருக்கு விற்கிறது. நீங்கள் வரியைக் கட்டுகிறீர்கள், சொந்தக்காரர் பிறகு வட்டியோடு தீர்க்கிறார். இதுதான் டாக்ஸ் லீன். நீங்கள் வாங்குவது கடனை, காணியை அல்ல. டாக்ஸ் டீட் என்பது வேறு: பாக்கி நெடுநாள் தீராமல் கிடந்து காணியே ஏலத்துக்கு வர, வென்றவர் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காசு போட்டவர்கள்தான் பெரும்பாலும் அழுகிறார்கள்.

அரிசோனா, அயோவா, நியூ ஜெர்சி போன்றவை லீன் விற்கும் மாநிலங்கள், கலிபோர்னியா டீட் மாநிலம், புளோரிடாவில் இரண்டும் உண்டு. டெக்சாஸும் ஜோர்ஜியாவும் நடுவில் நிற்கின்றன. அங்கே உறுதி கைக்கு வந்த பிறகும் பழைய சொந்தக்காரர் ஒரு காலத்துக்குள் மேலதிகப் பணம் கொடுத்துக் காணியை மீட்கலாம், டெக்சாஸில் அவர் குடியிருந்த வீடு என்றால் அதற்கு 2 வருடம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம் என்பதால் எல்லாவற்றையும் படிக்கப் போகாமல் ஒரு மாநிலத்தை, அதிலும் ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

"18 சதவீத வட்டி நிச்சயம்" என்று வகுப்பு நடத்திக் காசு வாங்குகிறார்களே, அது பாதி உண்மை. புளோரிடாவில் ஏலம் 18இல் தொடங்கிக் கீழ்நோக்கிப் போகும், குறைந்த வட்டி கேட்பவருக்குத்தான் சான்றிதழ். நல்ல வீடுகளுக்குப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டு வட்டியை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனாலும் சுழியம் கேட்காதவரை, சொந்தக்காரர் அடுத்த மாதமே தீர்த்தாலும் குறைந்தது 5 சதவீதம் கிடைக்கும் என்று சட்டம் இருக்கிறது. அரிசோனாவில் உச்சம் 16. அப்புறம் இன்னொன்று, லீன் வைத்திருந்தால் காணி தானாக உங்களுடையது ஆகிவிடாது. புளோரிடாவில் ஏறத்தாழ 2 வருடம் பொறுத்து, மற்றப் பாக்கிகளையும் நீங்களே கட்டி, டீட் ஏலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏலத்தில் வேறொருவர் கூடக் கேட்டால் காணி அவருக்கு, உங்களுக்கு உங்கள் பணமும் வட்டியும். ஒன்றும் செய்யாமல் 7 வருடம் விட்டால் அந்தச் சான்றிதழ் வெறும் கடதாசி.

இனி, தேடல். எனக்கு இதுதான் முழு விளையாட்டுமே. மச்சானின் கவுண்டியில் டீட் ஏலம் காலை 10 மணிக்கு, நமக்கு அது இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. முதல் வருடம் ஒரு துண்டு மிக மலிவாக வந்தது, ஊர் நல்ல ஊர், சுற்றிவர நல்ல வீடுகள். ஏலத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது சாட்டலைட் படத்தைப் பெரிதாக்கினேன். நடுவில் கரும்பச்சையாக ஒரு குளம், அதைச் சுற்றி வீடுகளின் பின்வேலிகள். குடியிருப்பின் மழைநீர் தேங்குவதற்காக வெட்டி விட்ட பள்ளம்! கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் விளையும் மாவட்டத்தில் குளம் என்றால் செல்வம். ஆனால் படத்தில் கண்ட அந்தக் குளத்தில் வீடு கட்ட முடியாது, வாங்கவும் ஆள் வராது, வரி மட்டும் வருடா வருடம் வரும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஐந்தடி அகலத்தில் கிடக்கும் கீலம், பாதையே இல்லாத சதுப்பு, இப்படி இன்னும் எத்தனையோ பட்டியலில் வரும். ஆகவே காணி இலக்கத்தை எடுத்து கவுண்டியின் வரைபடத்தில் பாருங்கள், பிறகு யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மச்சான் காரில் போய் வீடியோ அனுப்பாத எந்தக் காணிக்கும் நாங்கள் இப்போது ஏலம் கேட்பதில்லை.

அடுத்தது பதிவுகள். டீட் ஏலத்தில் வங்கி ஈடு பெரும்பாலும் அழிந்துவிடும், ஆனால் புல் வெட்டவில்லை, கூரை இடிந்து கிடக்கிறது என்று நகரசபை போட்ட தண்டப்பணம் புளோரிடாவில் காணியோடு கூடவே வரும். அது காணியின் விலையையே தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் வருமான வரிப் பாக்கி பதிவில் இருந்தால், ஏலத்துக்குப் பிறகும் 120 நாளுக்குள் காணியை மீட்கும் உரிமை அரசுக்கு உண்டு. எல்லாம் முடிந்து உறுதி கிடைத்தாலும் காணியின் உரித்துக்குக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனங்கள் அதை இலேசில் ஒப்புக்கொள்ளாது, நீதிமன்றத்தில் உரித்தைத் தெளிவாக்கும் வழக்குப் போட வேண்டியிருக்கும். உறுதி கையில் இருந்தும் தோம்பு சரியில்லாத காணியை நம்மூரில் விற்கப் படும் பாடு தெரியும்தானே, அதேதான். வழக்கறிஞர் செலவையும் முதலிலேயே கணக்கில் போடுங்கள்.

மின்னசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டைச் சுமார் 15,000 டொலர் பாக்கிக்காக எடுத்து 40,000க்கு விற்ற கவுண்டி, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பிழை என்று ஏகமனதாகத் தீர்த்தது. போரிலும் சுனாமியிலும் வீடு இழந்தவர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டை டீட் ஏலத்தில் எடுப்பதில்லை என்று மச்சானிடம் அன்றே சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். வெறுங்காணி, லீன், அவ்வளவுதான். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கிருந்தே சொந்தக் காசை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் வங்கிக்குப் போங்கள். 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டு முதலீட்டுக்குத் தனிக் கணக்கும் கட்டுப்பாடுகளும் உண்டு. உண்டியலில் அனுப்பவே வேண்டாம், பிறகு காசு எப்படி வந்தது என்று அங்கே காட்ட முடியாது.

புளோரிடாவில் லீன் விற்பனை ஜூன் 1க்குள் தொடங்கும், பட்டியல் அதற்கு முன்பே வந்துவிடும், பார்க்கக் காசு இல்லை. அதில் பத்துக் காணியை எடுத்து ஒரு கொப்பியில் இலக்கம், வரைபடம், பாக்கி, நீங்கள் கேட்கக்கூடிய வட்டி என்று எழுதி, ஏலத்தன்று உண்மையில் எவ்வளவுக்குப் போகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். முதல் வருடம் ஒரு டொலரும் போட வேண்டாம், கொப்பி மட்டும் போதும்.