மாலைதீவில் வேலை கிடைத்துவிட்டது, படுக்க இடம் எங்கே?

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து மாலைதீவுக்கு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் கேட்பது எப்போதும் மூன்று கேள்விதான். சம்பளம் எவ்வளவு, டிக்கெட் யார் போடுவது, ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுப்பது. "எங்கே தங்குவது" என்பது கட்டுநாயக்கவில் பெட்டியை ஒப்படைத்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரப் பறப்பு முடிந்து இறங்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இல்லாவிட்டால், அன்றிலிருந்தே பணம் கரையத் தொடங்கும்.

கொழும்புக்குப் போன பழக்கத்தை வைத்து இதை அளக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் ஒரு வாரம் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு மெதுவாக போர்டிங் தேடலாம். மாலைதீவின் தலைநகர் மாலே அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நகரம் பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் மாடிமேல் மாடியாக உயர்கிறது, வாடகையும் அதோடு சேர்ந்து ஏறுகிறது.

பாஸ்போர்ட் பிரதி எடுங்கள், ஒப்பந்தத்தை வாசியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் தெரியாமலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் கீழே.

சுற்றுலா விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது

வேண்டாம். இறங்கியதும் கிடைக்கும் 30 நாள் அனுமதி வேலைக்கானது அல்ல. வேலை அனுமதிக்கான ஒப்புதல் கைக்கு வந்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு முடிந்த பிறகுதான் விமானம். ஏஜென்ட் மீது சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தத் தீவு என்று கேட்காமல் சம்பளத்தை ஒப்பிடுவது

"மாலைதீவில் வேலை" என்றால் குறைந்தது மூன்று விதமான வாழ்க்கை. ரிசோர்ட் என்றால் முழுத் தீவும் ஹோட்டல்தான், ஊழியர் விடுதியும் மெஸ் சாப்பாடும் அங்கேயே. வாடகை என்ற பேச்சே இல்லை. வெளித்தீவுகளில் பாடசாலை, சுகாதார நிலையம், கெஸ்ட் ஹவுஸ் வேலைகள் கிடைக்கும், வாடகை மாலேயைவிடக் குறைவு. ஆனால் தலைநகருக்கு வந்துபோகும் படகுச் செலவும் நேரமும் சேரும். மூன்றாவது மாலே நகரம்: கடை, அலுவலகம், ஆஸ்பத்திரி, கட்டுமானம். வீட்டுப் பிரச்சினை கழுத்தை நெரிப்பது இங்கேதான். ஒரே பதவிக்கு ஒரே சம்பளம் என்றாலும் இந்த மூன்று இடத்திலும் கையில் மிஞ்சும் தொகை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

வீட்டுக் கொடுப்பனவைச் சம்பளமாக எண்ணுவது

மற்றத் தவறுகளை மன்னிக்கலாம். இது மட்டும் இன்னும் எரிச்சலூட்டுகிறது. காரணம், ஐந்து நிமிடக் கணக்கில் தவிர்க்கக்கூடியது. அந்த ஐந்து நிமிடத்தை ஏஜென்ட் ஒதுக்கமாட்டார், அவருக்கு அது தேவையில்லை.

கடிதம் இப்படி வரும்: அடிப்படைச் சம்பளம் 10,000 ருஃபியா (மாலைதீவுப் பணம்), வீட்டுக் கொடுப்பனவு 3,000. மொத்தம் 13,000. ஏஜென்ட் கால்குலேட்டரை எடுத்து 15.42ஆல் வகுக்கிறார், அது 2011இலிருந்து மாறாத அதிகாரபூர்வ டொலர் விலையின் உச்ச எல்லை. 843 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று பெருக்கினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். தோட்டத்தில் அந்த எண்ணைச் சொன்ன கணமே எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் நகை அடகுக்குப் போகும், சீட்டு முன்கூட்டியே எடுக்கப்படும்.

இப்போது அதே 13,000ஐ மாலேயில் செலவழித்துப் பாருங்கள். கணக்கு விளங்குவதற்காக நடுத்தரமான எண்களை வைக்கிறோம், நீங்கள் போகும் மாதத்தின் விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். குளியலறையோடு தனி ரூம் 7,500. கரண்டும் தண்ணீரும் 800. தானே சமைத்துச் சாப்பிட 2,700. போன், சவர்க்காரம், சில்லறை 500. மொத்தம் 11,500. மிச்சம் 1,500 ருஃபியா.

அந்த 1,500ஐயும் 15.42 விலைக்கு டொலராக்கி அனுப்பலாம் என்றால் அதுவும் நடப்பதில்லை. அந்த விலைக்கு வங்கி கேட்ட அளவு டொலர் கொடுக்காது, வெளியே டொலர் அதைவிடக் கூடிய விலையில்தான் ஓடுகிறது. 19 என்று வைத்தால் 79 டொலர், ஏறத்தாழ 23,700 ரூபாய். இரண்டரை லட்சம் என்று புறப்பட்டவர் வீட்டுக்கு அனுப்பக்கூடியது அவ்வளவுதான். அடகு வட்டியைக் கட்டிய பிறகு மிஞ்சுவதை அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இருவர் சேர்ந்து இருந்தால் சரி" என்பார்கள். சரி, ரூமையும் கரண்டையும் பாதியாக்குங்கள். செலவு 7,350, மிச்சம் 5,650, அதாவது சுமார் 297 டொலர், 89,000 ரூபாய். பரவாயில்லைதான்.

பக்கத்திலேயே இன்னொரு கடிதம் இருக்கும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சம்பளம் 7,500 ருஃபியா மட்டும், தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கம்பெனி. சில்லறைச் செலவு 500 போனால் 7,000 அப்படியே கையில், 368 டொலர், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். 13,000 ருஃபியா வேலையை 7,500 ருஃபியா வேலை தோற்கடிக்கிறது, அதுவும் ரூமைப் பங்குபோட்ட பிறகும். பண்டாரவளைக் கணக்கர் ஒருவர், நாள் முழுக்கப் பிறர் கணக்கைச் சரிபார்ப்பவர், இந்த இரண்டு கடிதத்தில் முதலாவதற்குக் கையெழுத்துப் போட்டார். கணக்குத் தெரியாமல் அல்ல. பெரிய எண்ணைப் பார்த்ததும் கணக்குப் போட மனம் வருவதில்லை.

ஆகவே கடிதம் வந்ததும் சம்பள வரியை மூடிவைத்துவிட்டு, நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தங்குமிடம் எந்தத் தீவில்? ஒரு ரூமில் எத்தனை பேர்? குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று? கரண்ட், தண்ணீர், இன்டர்நெட்டுக்குச் சம்பளத்தில் கழிப்பீர்களா? விடுமுறை நாளிலும் சாப்பாடு உண்டா? இறங்கும் நாளிலிருந்தே படுக்கை தயாரா, இல்லாவிட்டால் கெஸ்ட் ஹவுஸ் செலவு யாருடையது? வேலை முடிந்தால் எத்தனை நாளுக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும்?

கடைசிக் கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு. கம்பெனி ரூம் வேலையோடு போய்விடும். ராஜினாமாக் கடிதம் கொடுத்த மாலையே பெட்டியோடு தெருவில் நிற்பவர்கள் உண்டு. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான காசைத் தொடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பதில் தொலைபேசியில் வந்தால் போதாது. ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவோ குறைந்தபட்சம் மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். "வந்த பிறகு பேசலாம்" என்று சொல்லும் நிறுவனத்திடம் வந்த பிறகு பேச எதுவும் இருக்காது. கொடுப்பனவுதான் தருவோம் என்று நின்றால், அந்தத் தொகைக்கு மாலேயில் இன்று என்ன கிடைக்கிறது என்று அங்கே இருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவரிடம் அல்ல. சம்பளத்தின் ஒரு பகுதியையாவது டொலரில் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ரிசோர்ட்டுகளில் டொலர் சம்பளம் சாதாரணம். மேலே பார்த்த 15.42க்கும் 19க்கும் இடைப்பட்ட நட்டம் அப்போது உங்கள் தலையில் விழாது.

தகுதிகாண் காலத்தில் ஓராண்டு வாடகைக்குக் கையெழுத்துப் போடுவது

மாலைதீவின் 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் மூன்று மாதம் வரை தகுதிகாண் காலத்தை அனுமதிக்கிறது. அதற்குள் இரு தரப்பில் யாரும் முன்னறிவித்தல் இல்லாமலே விலகலாம். வீட்டுக்காரர் கேட்பதோ பல மாத வாடகை அட்வான்ஸும் ஓராண்டு ஒப்பந்தமும். வேலை இரண்டாம் மாதத்தில் போனால் அட்வான்ஸும் சேர்ந்து போகும்.

முதல் மூன்று மாதத்துக்கு மாதக் கணக்கில் தரும் பங்கு ரூம்தான் சரி. ஏற்கெனவே இருக்கும் வாடகைக்காரரிடம் ஒரு கட்டிலை மட்டும் எடுப்பது இன்னும் மலிவு. ஆனால் அவருக்கு உள்வாடகை கொடுக்க உரிமை உண்டா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்வான்ஸ் எதுவானாலும் ரசீது வேண்டும். அந்நாட்டு மொழியான திவெஹியில் மட்டும் எழுதிய ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வேண்டாம், ஆங்கிலப் பிரதி கேளுங்கள். நுழைந்த அன்றே சுவர், ஏசி, குழாய், கட்டில் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது "பெயின்ட் அடிக்க வேண்டும்" என்று கழிப்பது அங்கேயும் உண்டு.

முதல் சம்பளம் மாதம் முடிந்துதான். ஆகவே கையில் இருக்க வேண்டியது அட்வான்ஸ், முதல் மாத வாடகை, 45 நாள் சாப்பாடு. இதற்குமேல் அடகு வைக்கத் தேவையில்லை, இதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு புறப்படவும் கூடாது.

ஜன்னல் இல்லாத ரூமை மலிவு என்று எடுப்பது

லயத்துக் காம்பராவை நடுவில் பலகை வைத்துப் பிரித்த மாதிரி, மாலேயில் ஒரு ஹாலை ஒட்டுப்பலகையால் மூன்றாக்கி மூன்று வாடகை வாங்குவார்கள். நடு ரூமுக்கு ஜன்னல் இருக்காது. வாடகை ஓராயிரம் குறைவு, அதனால்தான் கண்ணில் படுகிறது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளி போர்த்திப் படுத்துப் பழகிய உடம்பு அது. மாலே கடல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் மேலே, இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்று வராத ரூமில் ஏசி இரவு முழுக்க ஓடும். மின்கட்டணம் பாவனை கூடக் கூட அலகு விலையும் கூடும் படிமுறையில் போகிறது. மூன்று ரூமுக்கும் ஒரே மீட்டர் என்றால் எல்லோருடைய பாவனையும் சேர்ந்து உயர்ந்த படிக்குப் போய்விடும், பில்லை மூன்றால் வகுத்து உங்களிடமும் நீட்டுவார்கள். மிச்சம் பிடித்த ஓராயிரம் அங்கேயே முடிந்தது. தனி மீட்டரா, உப மீட்டரா, வாடகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். பார்க்கப் போகும்போது ஏசியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள்.

அடுப்பு இல்லாத ரூம்

அரிசி, மா, சீனி மூன்றுக்கும் அங்கே அரச மானியம் உண்டு. ஆனால் மரக்கறி எல்லாம் கடல் தாண்டி வருவது. நம் பக்கத்தில் சந்தை முடிந்தால் சும்மா கிடக்கும் லீக்ஸும் கரட்டும் அங்கே யோசித்து வாங்கும் பொருள். சமைக்க முடிந்தால் சமாளிக்கலாம், மூன்று வேளையும் கடை என்றால் முடியாது. அதோடு நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், வெளியிடத்தில் சாப்பிடவும் கூடாது. அடுப்போ குளிர்சாதனப் பெட்டியோ இல்லாத ரூமில் இருப்பவர் அந்த மாதம் பிஸ்கட்டோடுதான் பகலைக் கழிக்க வேண்டும்.

ஹுல்ஹுமாலே தூரம் என்று ஒதுக்குவது

தூரம் இல்லை. 2018இல் பாலம் திறந்த பிறகு மாலே, விமான நிலையம் உள்ள ஹுல்ஹுலே, ஹுல்ஹுமாலே மூன்றும் ஒரே வீதியில். பஸ் ஓடுகிறது. கடலை நிரப்பி உருவாக்கிய தீவு என்பதால் கட்டடங்கள் புதிது, ரூம்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கூடுதல். விமான நிலைய வேலை என்றால் மாலேயில் ரூம் தேடுவதே வீண். மேற்கே விலிமாலேயும் உண்டு, படகில் பத்து நிமிடம். இரவு ஷிஃப்ட் உள்ளவர்கள் மட்டும் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சாமிச் சிலையைப் பெட்டியில் வைப்பது

வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக மாலைதீவுச் சுங்கம் தடை போட்டிருக்கிறது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் ஆண்டிலேயே குடும்பத்தைக் கூப்பிடுவது

இரண்டு அறை வீடு மாலேயில் 15,000 ருஃபியாவைச் சாதாரணமாகத் தாண்டும். கம்பெனி வீடு தராவிட்டால் கூப்பிடாதீர்கள்.